பெட்டிக்குக் காட்டிய சாம்பிராணி

“வாயத் தொறந்து கேக்கணும், தெரிஞ்சுதா? மொகத்தப் பாத்துக் கண்டுபுடிக்கிற ஆளு நான் இல்ல. மெஷினு கொரலு மாறுச்சுன்னா எந்த நட்டு லூஸுன்னு சொல்லிருவேன். மனுஷங்க விஷயத்துல கொஞ்சம் மட்டம்.”

“கேக்கறேங்க.”

“சும்மா தலையாட்டாத. இப்பவே ஒண்ணு கேளு, பாக்கலாம்.”

“இப்ப ஒண்ணும் தோணல.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான். கொய்யாப்பழம் கேக்கலாம்னு இருந்தேன். அதையும் நீங்களே வாங்கிட்டீங்க.”

“சரி, அப்ப அது அப்பிடியே இருக்கட்டும். என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு ‘அத்திபெலே’ன்னு சொல்லிட்டுக் கேளு. தட்ட மாட்டேன்.”

கல்யாணம் முடிந்த கையோடு ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வரும் வழியில், அத்திபெலே செக்போஸ்ட்டில் பேருந்து நின்ற கொஞ்ச நேரத்தில் தமயந்திக்கும் அசோகனுக்கும் நடந்த பேச்சு இது. வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஜன்னலுக்குக் கீழே கொய்யாக்காரி தமிழில் கூவி, கன்னடத்தில் விலை சொல்லி, பேரம் பேசியவனை மறுபடி தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் தூவிய துண்டுகளைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மனிதனை அப்போதுதான் தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தான்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டி அந்த செக்போஸ்ட்டைத் தாண்டுகையில் அசோகன் முழங்கையால் இடித்து, “என்ன, தோணுச்சா?” என்பான். “இன்னும் இல்லீங்க” என்பாள் அவள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதம் வரைக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது.

பொம்மசந்திராவில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், சிமெண்டு ஷீட் போட்ட மாடி வீடு அவர்களுடையது. மற்ற மாதங்களில் கம்பளி கேட்கிற ஊர், ஏப்ரலில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் அந்த ஷீட்டைத் தோசைக்கல்லாக்கிவிடும். சாயங்காலம் ஒரு மாங்காய் மழை பெய்தால் உண்டு. இல்லையென்றால் ராத்திரி வரை வேக்காடுதான். தெருவில் எந்நேரமும் பட்டறை எண்ணெய் வாடை. அசோகன் சட்டையிலும் அதே வாடை. ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷின்களைப் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் போகாத அந்த வாடை, போகப் போகத் தமயந்திக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்பதற்கான அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஹாலில் பாதி இடத்தைக் கம்ப்யூட்டர் மேஜை பிடித்துக்கொண்டிருந்தது. அது அசோகனுடைய கம்ப்யூட்டர் மட்டுமல்ல. மடிவாளாவில் ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று பேர், எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, சாமான் சாமானாக வாங்கிவந்து தாங்களே பூட்டிய பெட்டி. அசோகனுக்குக் கல்யாணம் ஆனதும் மற்ற இருவரும், “எங்க ரூம்ல எலி ஒயரக் கடிச்சுடும். குடும்பஸ்தன் வூட்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஆனா நாங்க வந்துடறோம்” என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

சொன்னபடியே வந்தார்கள். கோலார் தங்கவயல் சீனு, ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன், வாய் ஓயாது. இன்னொருவன் அலெக்சாண்டர், பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், துணிக்கடை ஷோரூமில் விற்பனையாளன், வேலைக்குப் பக்கம் என்று மடிவாளா அறைக்கு வந்து சேர்ந்தவன். வரும்போது பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கி, “சிஸ்டருக்கு” என்று தனியாக ஒரு துண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான். சீனு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். ஒரு குறை சொல்ல முடியாத பிள்ளைகள். தமயந்திக்கு அதுதான் சங்கடம். முரட்டு ஆட்களாக இருந்தால் என்றைக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

அந்த வீட்டில் நாற்காலி மூன்று. ஒரு சுழல் நாற்காலி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றும் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய்விடும். தமயந்தி காலையிலேயே சீரகச் சம்பாவை ஊறவைத்து, வெங்காயம் அரிந்து, கத்திரிக்காய்த் தொக்குக்குப் புளி கரைப்பாள். பிரியாணி தம்மில் இருக்கும்போது சமையலறை வாசற்படியில் சாய்ந்து நின்று, அவர்கள் ஓட்டும் காரை மூன்று தோள்களுக்கு மேலாகப் பார்ப்பாள். யாராவது திரும்பினால், “தண்ணி வேணுமா?” என்று கேட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடுவில் திரை அப்படியே உறைந்தது. கார் அந்தரத்தில் நின்றது. ஸ்பீக்கர் மட்டும் ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கதறியது.

“ஏய், இன்னாடா இது, இன்னிக்கு எத்தினி தபா!” என்று அலெக்சாண்டர் கத்தினான். “நான் ஃபர்ஸ்ட்ல கீறேன், அப்பத்தான் இதுக்கு உசுரு போவணுமா?”

“நீ ஃபர்ஸ்ட்ல வந்த அதிர்ச்சியிலதான் மச்சா நின்னுடுச்சு” என்றான் சீனு.

அசோகன் ஸ்விட்சை அணைத்தான். “போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.”

“ப்ராசசருக்கு வயசாயிடுச்சுடா” என்றான் சீனு. “ மூள அதுதானே? பழைய பென்டியம்-த்ரீய வெச்சுக்கிட்டு இந்த கேம் ஆடறது, கழுதமேல கல்யாண ஊர்கோலம் போறாப்பல. பி-ஃபோர் மாத்திடலாம்.”

“அத மட்டும் மாத்தினாப் போதுமா?”

“எங்க போதும்? காலு பெருசானா செருப்பு மாத்தணுமில்ல? போர்டு மாத்தணும். போர்டு மாத்துனா பழைய ராம் உக்காராது. பவர் சப்ளையும் வேற.”

“அப்ப இன்னாதான்டா மிஞ்சும்?” என்றான் அலெக்சாண்டர்.

“டப்பா, மௌஸு, ஆயுத பூஜைக்கு அண்ணி வெச்ச குங்குமம்.” சீனு சிரித்தான். “எல்லாம் பூட்டிட்டு, ஃபுல்லா ஒரு ஃபார்மட் அடிச்சு, விண்டோஸ் புதுசா ஏத்திட்டா ஜம்முனு ஓடும்.”

தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தோடு வந்த தமயந்தி நின்றாள். “ஃபார்மட்னா?”

“வீடு காலி பண்ணி வெள்ளையடிக்கிறாப்பல அண்ணி. உள்ள இருக்கறதெல்லாம் போயிடும். சுத்தமாயிடும்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. எங்க ரேஸ் ரெக்கார்டத் தவிர அதுல வேற இன்னா கீது?”

கிண்ணத்தைக் கீபோர்டு மேலேயே வைக்கப் போனவள், சுதாரித்துக்கொண்டு கீழே வைத்தாள். அசோகன் ஒரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தான். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆள் இல்லையே. மறுபடி திரைக்கே திரும்பிவிட்டான்.

அதற்குள் வேறு என்ன இருந்தது என்பது அந்த வீட்டில் தமயந்திக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த புதிதில், அசோகன் வேலைக்குப் போனபின் வீடு அவளை விழுங்க வரும். கடைத்தெருவில் பேசக் கன்னடம் வராது. எந்தச் சந்துக்குள் போனாலும் ஒரே மாதிரி இரும்புக் கேட்டுகள். ஒருநாள் மழை மத்தியானத்தில், அலெக்சாண்டர் எங்கிருந்தோ கொண்டுவந்து, “சுடவும் முடியாது, ஓட்டவும் முடியாது, முனிசிபாலிட்டி ஆபீஸ்ல வேல பாக்கறாப்பல கீது” என்று வீசிவிட்டுப் போன சீடி ஒன்றை எடுத்துப் போட்டாள். ஊர் கட்டுகிற விளையாட்டு அது. வெறும் மண்ணும் ஓர் ஆறும் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று விட்டுவிடும்.

முதல் ஊரில் வீடுகளை அழகாக வரிசை பிடித்துக் கட்டியும் ஜனங்கள் குடிவந்த வேகத்திலேயே காலி செய்துகொண்டு போனார்கள். பார்த்தால், தண்ணீர்க் குழாய் போடவே இல்லை! ஆம்பூர்க் குழாயடியில் குடத்தோடு வளர்ந்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிட்டு இரண்டாவது ஊரைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தாள். தோல் பதனிடும் ஷாப் வாடை தெரிந்தவள் ஆதலால், ஆலைகளை ஆற்றுக்கு எட்டாமல், காற்று போகிற பக்கம் பார்த்துக் கடைசியில் ஒதுக்கினாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூங்கா வைத்தாள். தமயந்திபுரம் என்று பேர் வைக்க ஆசை. பேர் எழுதுகிற கட்டம் சின்னது. ‘தமயந்’ என்பதோடு நின்றுவிட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் தமயந் வளர்ந்தது. வெளியே ஒரு தெருவும் பிடிபடாதவளுக்கு உள்ளே ஒவ்வொரு திருப்பமும் அத்துப்படி.

மறைக்க வேண்டும் என்று அவள் மறைக்கவில்லை. ஒரு நாள் சாப்பாடு போடும்போது, “அந்த ஊர் கட்டற கேம் இல்லீங்க...” என்று ஆரம்பித்தாள். ஷிஃப்ட் முடித்து வந்த அலுப்பில், “அதுவா? சப்ப கேமு. சீடியத் தூக்கிப் போட்டுடு” என்றான் அசோகன். அவள் தூக்கிப் போடவில்லை. கூறைப்புடவை மடிப்பில் சொருகி வைத்தாள். பேச்சு அன்றோடு நின்றது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும் பழக்கத்தை அவளுக்குப் பழக்கிவிட்டவள் கீழ்வீட்டு பாஞ்சாலி. வீட்டுச் சொந்தக்காரி, இரண்டு தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவள், எந்த வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினாலும் கன்னடத்தில் ஒரு கால் வைக்காமல் முடிக்கமாட்டாள். “எல்லா மூலைக்கும் காட்டும்மா. லட்சுமி எங்க குந்தினு கீறான்னு யாருக்கு கொத்து, யாரு கண்டா?” என்று சொல்லி ஒரு தூபக்காலும் கொடுத்தாள். முதல் வெள்ளிக்கிழமை அடுப்புக்கும் பீரோவுக்கும் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தபோது தமயந்தி அசந்துபோனாள். ஓடிக்கொண்டிருந்த பெட்டி, முன்பக்கத் துளைகளால் புகையை மெல்ல உள்ளே இழுத்து, பின்பக்கத்தால் நூல் நூலாக விட்டது. மூச்சு விடுகிற உயிரேதான். அதன் பிறகு சாமி படத்தைவிட அந்தப் பெட்டிக்குத்தான் அதிக நேரம் காட்டினாள். உள்ளே அவள் ஊர் இருந்ததே.

அந்த வாரம் முழுவதும் பெட்டி அவளிடமும் மக்கர் செய்தது. புதிதாகப் பாலம் போட ஆரம்பித்தால் உறைந்துவிடும். வெள்ளிக்கிழமை, கங்கு நிறையப் போட்டு, சாம்பிராணியை இன்னும் ஒரு பிடி தூவி, ‘ஊரைக் காப்பாத்து தாயே’ என்று கண்ணை மூடி நின்றாள். தணலைக் கொட்ட மாடிப்படி இறங்கியபோது கீழே பாஞ்சாலி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யாக்கம்மா, ஏன் மொகம் வாடிக் கெடக்கு? புருஷனோட ஜகளமா, சண்டையா?”

“அதெல்லாம் இல்லக்கா. அக்கா, உங்க வூட்டுக்காரருகிட்ட ஒண்ணு கேக்கணும்னா எப்பிடிக் கேப்பீங்க?”

“கேக்கறதா? நான் எல்லி கேட்டேன்! ‘ரீ, இது எனக்கு பேக்கு, வேணும்’ன்னு சொல்லிடுவேன். கொண்டாந்தாச் சோறு, இல்லன்னா நேத்துச் சோறு.”

“ரொம்பச் சின்ன விஷயமா இருந்தா?”

பாஞ்சாலி கீரைத் தண்டைக் கிள்ளுவதை நிறுத்தினாள். “சின்னதுதாம்மா தொண்டையில மாட்டும். நக நட்டுன்னா நாக்குலயே வந்துடும்.” பிறகு தானே சிரித்துக்கொண்டு, “இன்னா வேணும், மல்லிப்பூவா?” என்றாள்.

தமயந்தியும் சிரித்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் முதல் வேலையாக ஸ்குரூடிரைவரை எடுத்தார்கள். எஸ்.பி. ரோடு அன்றைக்கு மூடியிருக்கும். மறுநாளைக்கு அசோகனும் சீனுவும் லீவு சொல்லியிருந்தார்கள். போய் வாங்குவதற்கு முன்னால் உள்ளே என்ன போர்டு, எந்த அளவு டப்பா என்று பார்த்துவிடலாம் என்பது சீனுவின் யோசனை. தரையில் பேப்பரை விரித்து, பெட்டியைப் படுக்கவைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினார்கள்.

குப்பென்று ஒரு வாசனை ஹாலை நிறைத்தது.

அலெக்சாண்டர் மூக்கை உறிஞ்சினான். “டேய், சர்ச்சுல பெரிய பூச நடக்கறாப்பல கீதேடா!”

“உள்ள ஃபாதர் யாராவது கீறாரா பாரு” என்று குனிந்த சீனு, அப்படியே வாயைப் பிளந்தான். ப்ராசசர் மேலிருந்த சின்ன விசிறியைக் காணவில்லை. கறுப்பாக ஏதோ அப்பி அதை மூடியிருந்தது. அடியில் சூட்டை இறக்குவதற்கான அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் கம்பளி அடைத்தாற்போல் அடைபட்டுக் கிடந்தது. “இன்னாடா இது, தார் ரோடு போட்டு வெச்சிருக்கு! அசோகா, உங்க கம்பெனி எண்ணெயா?”

அசோகன் ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார்த்தான். “எண்ணெ இல்ல. பிசினாட்டம் ஒட்டுது.”

வாசற்படியில் நின்ற தமயந்திக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மாதாமாதம் சாமிபடக் கண்ணாடியிலிருந்து அவள் சுரண்டித் துடைப்பது அதைத்தான். பேசாமல் உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

“அது சாம்பிராணிங்க.”

மூன்று தலைகளும் திரும்பின.

“வெள்ளிக்கெழமல நான்தான் காட்டுவேன்.”

“பெட்டிக்கா?”

“பெட்டிக்கு.”

சீனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே சாய்ந்தான். “கடவுளே! இதுக்கு வயசும் ஆவல, நோவும் வரல. மூக்க அடச்சிருக்கோம்! காத்துப் போவாம, சூடு தாங்காம நின்னிருக்கு!”

“சிஸ்டர், இதுக்குத் திருஷ்டிப் பூசணி எப்ப ஒடைக்கறீங்க? சொன்னா லீவு போட்டுட்டு வரேன்” என்றான் அலெக்சாண்டர்.

தமயந்தியும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே கையால் மூச்சை அடைத்திருக்கிறோமே என்று கண் கரித்தது.

அசோகன் மட்டும் சிரிக்கவில்லை. பழைய டூத்பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துவந்து உட்கார்ந்தான். கம்பெனி மெஷினுக்குக் காட்டுகிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டி, துடைத்து, விசிறியை விரலால் சுண்டிவிட்டான். அது தட்டாமாலை சுற்றியது. பூட்டி, ஸ்விட்சைப் போட்டார்கள். சளைக்காமல் ரேஸ் மேல் ரேஸ் ஓட்டினார்கள். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

“பாத்தியா? நல்லா ஓடறத எதுக்குடா கிளறணும்?” என்றான் அலெக்சாண்டர்.

“அட, இன்னிக்கு ஓடும்” என்றான் சீனு. “ அடுத்து வர்ற கேமுக்கு இது ஆவாது மச்சா. மொத ஸ்கிரீனே தொறக்காது. முடிவு பண்ணது பண்ணதுதான், நாளைக்குப் போயிடலாம்.”

“நீ ஒரு புடிவாதக்காரன் குரு.”

அசோகன் இரண்டு பேச்சிலும் கலந்துகொள்ளாமல் நாற்காலியைத் திருப்பினான். “தமயந்தி, டிவிக்குக் காட்டல நீ. டிவியில பிசுக்கே இல்ல, இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். இதுக்கு மட்டும் ஏன் காட்டுன?”

மெஷினைக் கேட்பது போல் கேட்டான். எந்த நட்டு என்று தேடுகிற குரல். அந்தக் குரலுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“அதுக்குள்ள என் ஊர் இருக்குதுங்க.”

பீரோவைத் திறந்து, கூறைப்புடவை மடிப்பிலிருந்து சீடியை எடுத்துவந்தாள். மூன்று நாற்காலிகளுக்கு நடுவே இடுக்கில் நின்றபடியே குனிந்து, மௌஸைப் பிடித்தாள். திரையில் ஆறு வந்தது. பாலம் பாதியில் நின்றது. விளக்குகளோடு தெருக்கள் விரிந்தன.

“நான் தூக்கிப் போட்ட சீடியா இது?” என்றான் அலெக்சாண்டர்.

“முப்பதாயிரம் பேரு!” சீனு திரைக்குள் தலையை விட்டான். “எனக்கு ஒரு தெருகூட நிக்கல. ஃபேக்டரியெல்லாம் ஏன் அண்ணி அவ்ளோ தூரத்துல?”

“காத்து அந்தப் பக்கமா போவட்டும்னுதான். ஆம்பூர்க்காரிக்குத் தெரியாதா?” சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “ஃபார்மட் பண்ணா இது போயிடுமில்ல?”

“ஐயோ, இதுக்கா அண்ணி பயந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஒரு ஃப்ளாப்பில அடங்கிடும்.” சீனு பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துச் சொருகினான். கரகரவென்று கொஞ்சம் சத்தம். வெளியே எடுத்து அவள் கையில் வைத்தான். “இந்தாங்க உங்க ஊரு. ப்ராசசர் மாறட்டும், போர்டு மாறட்டும், இது அப்பிடியே இருக்கும். அவ்ளோதானே?”

“அவ்ளோதான்” என்றாள் தமயந்தி.

தட்டையாக, லேசாக, ஊர் உள்ளங்கையில் கிடந்தது. மூவரும் நாற்காலிகளை மறுபடி முன்னே இழுத்துக்கொண்டார்கள். ரேஸின் உறுமல் தொடங்கியது. சமையலறையில் தம் இறங்கிய வாசனை. போய் மூடியைத் திறக்க வேண்டும், கத்திரிக்காய்த் தொக்கைச் சுட வைக்க வேண்டும். பயம் போனால் நெஞ்சு லேசாகிவிடும் என்றுதான் வாரமெல்லாம் நினைத்திருந்தாள். ஆகவில்லை. ஃப்ளாப்பியை வைத்துக்கொண்டு அந்த மூன்று முதுகுகளுக்குப் பின்னால் அப்படியே நின்றாள்.

விளையாட்டு பாதியில் நின்றது. இந்தத் தரம் பெட்டி நிற்கவில்லை, அசோகன் நிறுத்தியிருந்தான்.

“இவனுங்க ஒருத்தன் மாத்துங்கறான், ஒருத்தன் வேணாங்கறான்” என்றான், திரும்பாமலே. பிறகு திரும்பினான். “இதுல பகலெல்லாம் உக்காந்திருக்கறவ நீதான். நீ சொல்லு. ப்ராசசர் மாத்தலாமா, வேணாமா?”

“சிஸ்டர் ஓட்டுதான்டா கடைசி ஓட்டு” என்றான் அலெக்சாண்டர்.

“அண்ணி, பி-ஃபோர்ல உங்க ஊரு இன்னும் வேகமா வளரும், யோசிச்சுச் சொல்லுங்க” என்றான் சீனு.

தமயந்தி யோசிக்கவில்லை. சுழல் நாற்காலியைப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சாய்ந்து நின்று, தன் தோள் பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிப் பளபளத்துக் கிடந்த வாசற்படிச் சுவரையும் பார்த்தாள்.

“அத்திபெலே” என்றாள்.

“அங்க எதுக்கு அண்ணி? எஸ்.பி. ரோட்டுலயே கிடைக்குமே” என்றான் சீனு.

அசோகன் கையை உயர்த்தி அவனை அடக்கினான். எழுந்தே நின்றுவிட்டான். ஒன்றரை வருஷமாக முழங்கையால் இடித்து இடித்துச் சிரித்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. முதல் நாள் பேருந்தில் பார்த்தாளே, அந்த முகம்.

“கேளு” என்றான்.

“ப்ராசசர நீங்க மாத்துங்க, மாத்தாமப் போங்க. அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். ஞாயித்துக்கெழமல எனக்கும் ஒரு சேர் போடுங்க.”